ஐம்பத்தாறு கிலோ மணல்

அந்தத் தெருவில் அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘அரைச்சுத்து’ மெக்கானிக் என்றால் பால்காரர்கூடக் கைகாட்டுவார். எந்த வண்டி வந்தாலும் முதலில் காதைக் கொடுத்துக் கேட்பான். பிறகு கார்புரேட்டர் திருகை அரைச் சுற்று திருப்பிவிட்டு, “போதும், எடுத்துட்டுப் போங்க” என்பான். பத்தில் எட்டு வண்டிக்கு அது போதுமானதாகவும் இருக்கும். மீதி இரண்டு வண்டிக்காரர்கள் வயிறெரிந்து வைத்த பெயர்தான் அது என்று அவன் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் கணக்கு டீச்சர்தான். பட்டறைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. கீழே எஞ்சின் உறுமினால் மேலே அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்திலேயே இருபத்து நான்கு வருஷம் விடைத்தாள் திருத்தியவள் அவள். மூன்றாவது வீட்டில் குக்கர் விசிலடித்தால் மட்டும் கோபம் வரும்.

மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்திய, மண்மேடு ஏறும் சின்ன டர்ட் பைக் ஒன்று இருந்தது. நூற்றிருபத்தைந்து சிசி, ஒல்லி உடம்பு, முரட்டு டயர், எக்கி ஏற வேண்டிய சீட். கல்யாணமான புதிதில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே, வேலை நின்றுபோன கல்குவாரிக்குப் போவார்கள். அவன் ஓட்ட, அவள் வேடிக்கை பார்த்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டியது அவள். குவாரிக்குப் பின்னால் செம்மண் மேடு ஒன்று உண்டு. முன்சக்கரம் அந்தரத்தில் ஆட, அதன் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு வருவாள். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. கீழே நிற்கும் இவனுக்கு அந்த முகத்தைப் பார்த்தால் ஒரு வாரம் தாங்கும்.

வயிற்றில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அதெல்லாம் நின்றுவிட்டது. ஒன்றரை வருஷமாகிறது. இப்போது இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. தேதி குறித்த அன்று சாயங்காலம் அவள் பட்டறைக்கு இறங்கி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் அந்த மேட்டுல ஏறணும்.”

“எல்லாம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் ஏறலாம்.”

“இந்த அப்புறத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. டாக்டரும் அப்புறம், நீங்களும் அப்புறம். இப்ப ஏறணும். நானே ஓட்டி ஏறணும். பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தான்.

அவனுக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்தப் புழுதி முகத்துக்காக அவன் ஏங்கிக் கிடந்தான். ஆனால் வண்டியின் குணமும் அவனுக்குத் தெரியும். பாதி வேகம் வரை பசு மாதிரி நடக்கும். அதைத் தாண்டினால் அத்தனை இழுவையும் ஒரே அடியாக வந்து ஆளைப் பின்னால் தள்ளும். நல்ல உடம்பிருந்தபோது அவளுக்கு அந்த அடிதான் பிடிக்கும். இப்போது தையல் போட்ட வயிறு. ஊசி குத்திக் குத்தி இடது கையில் பிடிமானமும் குறைந்துவிட்டது. மேட்டின் நடுவில் வண்டி திமிறினால் அவளால் பிடித்து நிறுத்த முடியாது.

“சரி, அதை ஒரு வழிக்குக் கொண்டு வர்றேன். பத்து நாள் குடு” என்றான்.

அரைச் சுற்றோடு தீருகிற வேலை இல்லை அது. எதிர்க்கடை லேத்துக்காரரிடம் சொல்லி இரும்பில் ஒரு வளையம் கடைந்து வாங்கி, எஞ்சினோடு சுழலும் மேக்னட்டில் பொருத்தினான். அந்தக் கூடுதல் கனத்தால் எஞ்சின் நினைத்த மாத்திரத்தில் எகிறாது. திணறி அணைந்தும் போகாது. ஆக்சிலேட்டர் கைப்பிடிக்குள் கேபிள் சுற்றும் உருளையைச் சின்னதாக்கினான். இனி கை பதறி முறுக்கினாலும் வண்டி பதறாது. கார்புரேட்டர் ஊசியை ஒரு வெட்டு தள்ளி மாட்டி, இடையில் வரும் திக்கலை எடுத்தான். சைலன்சருக்குள் புதுப் பஞ்சு அடைத்து அதன் கூச்சலையும் அடக்கினான். பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டதில், கிளட்சைத் தொடாமலே வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்தது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்ப்பான். ஓட்டிவிட்டு வந்து மறுபடி கழற்றுவான். வாடிக்கையாளர்கள் மூன்று பேர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

ஒரு சிக்கல் இருந்தது. அவன் எடை எண்பத்திரண்டு கிலோ. அவன் அமர்ந்து ஓட்டினால் சாதுவாகப் போகிற வண்டி, அவள் அமர்ந்தால் எப்படிப் போகும்?

“உன் வெயிட்டு எவ்வளவு?” என்று மாடியைப் பார்த்துக் கத்தினான்.

“பொம்பளைகிட்ட கேக்கிற கேள்வியா இது? அதே ஐம்பத்தாறுதான்!” என்று பதில் வந்தது.

சிமெண்ட் கடைத் தராசில் சரியாக ஐம்பத்தாறு கிலோ மணல் பிடித்து, இரண்டு மூட்டையாகக் கட்டி சீட்டின் மேல் கயிறு போட்டு இறுக்கினான். முதல் கியரில் வண்டியைத் தானாக ஊர விட்டு, ஹேண்டிலைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தான். தெருக்கோடி வரை போய், சரிவில் ஏறி, திரும்பி வந்தான். லேத்துக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

“என்னய்யா, பொண்டாட்டியை ஊர்வலம் கூட்டிட்டுப் போறியா?”

“ஆமா, வாயே திறக்காம வர்றா. இப்படி ஒரு நாள் வாச்சதில்ல.”

“டீச்சர் மாடியில நிக்கிறாங்கய்யா.”

அரைச்சுத்து நிமிர்ந்து பார்க்கவில்லை. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. சிரித்து முடித்த பிறகு இருமலும் கேட்டது.

அந்த மூட்டைகளை வைத்துத்தான் பின் ஸ்பிரிங்கையும் சரிசெய்தான். ஓட்டுகிறவர் அமர்ந்ததும் வண்டி குறிப்பிட்ட அளவு அமிழ வேண்டும். அப்போதுதான் மேடுபள்ளத்தில் தூக்கிப் போடாது. சும்மா நிற்கையில் தன் கனத்திலேயே மூன்று சென்டிமீட்டர் அமிழ்ந்தது. மூட்டைகளோடு எட்டு. அச்சாணியிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்து மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் எட்டுதான். அவ்வளவு திருப்தி அவனுக்கு.

பத்தாம் நாள் சனிக்கிழமை மதியம், அவளைக் கூப்பிட்டு ஏறி உட்காரச் சொன்னான். லேத்துக்காரர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இவன் குந்தி உட்கார்ந்து டேப்பை வைத்தான்.

ஆறே முக்கால்.

டேப் நழுவியிருக்கும் என்று மறுபடி வைத்தான். “சரியா உட்காரு” என்றான். அவள் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். வண்டியை இரண்டு தடவை அமுக்கி விட்டு அளந்தான். ஆறே முக்கால்தான்.

ஐம்பத்தாறு கிலோவுக்கு ஐந்து சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டருக்குப் பதினோரு கிலோ சொச்சம். குறைவது ஒன்றே கால். ஐந்தாம் வகுப்பு கணக்குதான், ஆனால் அவன் மனம் போட மாட்டேன் என்று அடம்பிடித்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு இளைப்பு தெரிவதில்லை. அவளும் ஒன்றரை வருஷமாகக் குளிர்கிறது என்று தொளதொளவென்ற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே திரிந்தாள். பரிசோதனைக்கு அவன் கூடப் போனாலும் அவனை வெளியிலேயே உட்கார வைத்துவிடுவாள். இவனும் எஞ்சினுக்குக் காதைக் கொடுத்த அளவுக்குக் கட்டினவளுக்குக் கண்ணைக் கொடுக்கவில்லை.

“ஸ்பிரிங் கொஞ்சம் இறுகிப்போச்சு” என்றான், தலையைத் தூக்காமல்.

லேத்துக்காரருக்குப் புரிந்திருக்க வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கழன்றுகொண்டார்.

அவள் இறங்கி, அவன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். “கணக்கு டீச்சர்கிட்டயே கணக்கை மறைக்கிறீங்களா? பாவம், அந்த ஸ்பிரிங்கு மேல எதுக்குப் பழி? நாப்பத்திரண்டு.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா வண்டியைத் தொட்டிருப்பீங்களா?”

தொட்டிருக்க மாட்டான். தார்ப்பாய்க்கு மேல் இன்னொரு தார்ப்பாய் போட்டுக் கட்டியிருப்பான். அது இருவருக்கும் தெரியும். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்ததில் அரை முகம் கறுத்துப்போனது.

“டாக்டர் என்ன சொல்றார்?”

“நாப்பதுக்குக் கீழ போனா ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாம். பண்ணினாலும் உறுதியா எதுவும் சொல்ல முடியாதாம்.” அவன் முகத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். “இன்னும் ரெண்டு கிலோ கையில இருக்குல்ல. நாளைக்குப் போலாமா?”

முடியாது என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. மூட்டையை அவிழ்த்து, பதினான்கு கிலோ மணலைக் கொட்டினான். குவியலைப் பார்க்க முடியாமல் முதலில் அதைப் பெருக்கித் தள்ளினான். பிறகு ஸ்பிரிங்கைத் தளர்த்தினான். ஆக்சிலேட்டர் முக்கால்வாசிக்கு மேல் திரும்பாதபடி ஒரு திருகு வைத்தான். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை குவாரியில் யாருமில்லை. வேனிலிருந்து இறக்கி, உதைத்துக் கிளப்பி, அவள் கையில் கொடுத்தான். ஹெல்மெட் வாரை இறுக்குகையில் மோவாய் எலும்பு விரலில் இடித்தது.

“முதல் கியர்லயே போ. ஏறும்போது கிளட்சைத் தொடாத. தலை சுத்தினா அப்படியே நிறுத்திடு, நான் ஓடி வர்றேன்.”

“சார், பரீட்சைக்குப் போற பிள்ளைக்குக் கூட இவ்வளவு சொல்ல மாட்டோம்” என்றாள்.

வண்டி துள்ளாமல், திமிறாமல் கிளம்பியது. அவளுடைய மெலிந்த முதுகு மேட்டில் சீராக ஏறியது. முன்சக்கரம் மண்ணை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. உச்சியில் ஒரு கணம் நின்றாள். கையை ஆட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மறுபக்கம் இறங்கிவிட்டாள்.

அந்தக் காலத்தில் அவள் மேட்டுக்கு அப்பால் மறைந்த பிறகும் அவனுக்குக் கவலை இருந்ததில்லை. வண்டி போடுகிற கூச்சலை வைத்தே இப்போது பள்ளத்தில் இருக்கிறாள், இப்போது திருப்பத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவான். இன்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாள் ராப்பகலாக உட்கார்ந்து அந்தக் கூச்சலை எடுத்ததே அவன்தான்.

மேட்டை நோக்கி இரண்டடி வைத்தான். ஓடினால் தெரிந்துவிடும், நம்பவில்லை என்று நினைப்பாள். நின்றுகொண்டான். வாய்விட்டு, “வந்துடும்மா” என்றான். வெறும் குவாரியில் அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

எவ்வளவு நேரமோ. பக்கத்துத் தடத்தில் புழுதி எழுந்தது. அவள்தான். வந்து, காலை ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். புழுதி முகம், வெள்ளைப் பல்.

“சத்தமே இல்லங்க. மேல காத்து மட்டும்தான் கேட்டுச்சு” என்றாள், மூச்சு வாங்கியபடி. “இன்னொரு ரவுண்டு போகட்டுமா?”

போதும், இறங்கு, வீட்டுக்குப் போகலாம் என்று அவன் உடம்பு முழுக்கக் கத்தியது. ஹெல்மெட்டை வாங்கி, உள்ளே ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, அவள் தலையில் மாட்டி, வாரை ஒரு துளை கூட்டி இறுக்கினான்.

“போயிட்டு வா” என்றான்.