படுக்க விடாதீர்கள் என்று எழுதிய சுவர்கள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழையும் நிறைய வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சுவர் விளம்பரம் எழுதிப் பிழைக்கிறேன். சுவரில் எழுத்தை அளவெடுத்து வரைந்துவிடலாம், தாளில் அது முடியவில்லை.

மாடுகளின் மடிநோயை ஆராயும் ஒரு நிறுவனத்துக்காக, திண்டிவனத்திலிருந்து கோலியனூர் வரை பால் சொசைட்டிச் சுவர்களில் எழுதும் வேலை போன வருடம் கிடைத்தது. பால் கறந்ததும் மாட்டின் காம்பு உடனே மூடுவதில்லை, அரை மணி நேரமாவது திறந்திருக்கும். அப்போது மாடு ஈரத்தரையில் படுத்தால் கிருமி ஏறி மடி வீங்கிவிடும். இதை மாடு வைத்திருப்பவர்களுக்கும் கறவைக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். நிறுவனத்தார் கொண்டுவந்த தாளில் ஒரு பக்கம் நிறைய இருந்தது.

வேலையைப் பார்த்துக்கொண்ட மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "வண்டியில போறவங்க படிக்கணும் அண்ணா. எவ்ளோ எழுதலாம்?" என்றார்.

"அஞ்சாறு வார்த்தை மேடம்."

இருவரும் உட்கார்ந்து தாளில் இருந்ததை வரி வரியாக அடித்து, "பால் கறந்தபின் மாட்டைப் படுக்க விடாதீர்கள்" என்று நிறுத்தினோம். மேலதிகாரிகளும் சரி என்றார்கள். அரை மணி நேரம் என்பது எந்த இடத்தில் விழுந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

எல்லாச் சுவரும் முடிந்தபின், திருவாமாத்தூரில் ஒரு கடைக்குப் பலகை எழுதப் போனேன். பக்கத்துக் கொட்டகையில் ஒரு மாடு நின்றது. கழுத்துக் கயிற்றை மேலே உத்திரத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். பின்னங்கால் இரண்டும் வீங்கி, ஒன்றை மாற்றி ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலப் பால் கறக்க வந்த கறவைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "யோவ் பெயிண்டரே, நீ எழுதினதுதான? பஸ்ஸுல சீட்டு கெடைக்காதவன் மாதிரி ராத்திரி பூரா நிக்குதுய்யா, பாவம்."

மாட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு சிரிச்சிக்கினு நிக்கிற? சொசைட்டி செவுத்துல பெருசா எழுதி இருக்குதில்ல, படுக்க உடாதன்னு. போன மாடு மடிநோயிலதான் பூடுச்சி. இதுவும் பூட்டா நான் எங்க போவேன்?"

"அரை மணி நேரம்தான்க்கா" என்றேன்.

"அரை மணியா? அத ஏன் தம்பி எழுதல?"

அந்த அம்மாவே போய்க் கயிற்றை அவிழ்த்தார். மாடு முன்காலை மடக்கித் தொப்பென்று விழுந்து படுத்தது. பெருமூச்சு விட்டது.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மேடத்துக்குப் போன் செய்தேன். "ஐயோ" என்றார். பிறகு, "மேல கேட்டுட்டுத்தான் மாத்தணும் அண்ணா, ரெண்டு நாள் ஆகும்" என்றார். அந்த நேரத்தில் எல்லா ஊரிலும் பால் கறக்க உட்கார்ந்திருப்பார்கள். எல்லாச் சுவரும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். பலகையைப் பாதியில் விட்டுவிட்டு, சுண்ணாம்பு வாளியை மொபெட்டில் கட்டிக்கொண்டு கோலியனூருக்கு ஓட்டினேன்.

"யாரைக் கேட்டுய்யா அழிக்கிற?" என்று அங்கே சொசைட்டிக்காரர் சத்தம் போட்டார். நான் வெள்ளையடிக்கும் மட்டையை இழுத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் திண்டிவனம் வரை வெள்ளையடித்தேன். வெறும் சுவர் யாரையும் ஒன்றும் செய்யாது.

அதற்கடுத்த நாள் மேடமே திருவாமாத்தூர் வந்து கொட்டகையில் உட்கார்ந்தார். "அரை மணி நேரம்னு சேர்த்து எழுதினா போதுமாம்மா?"

"கடிகாரத்தப் பாத்துக்கினு நிக்க எனக்கு ஏது நேரம்? கறந்ததும் தீனியப் போடுன்னு எழுதும்மா. தின்னுக்கினு இருக்கிற மாடு எங்க படுக்கும்?"

மேடம் என்னைப் பார்த்தார். "இது நம்ம தாள்லயே இருந்துச்சு அண்ணா. கடைசி பாரா. முதல்ல அதத்தான் அடிச்சோம்."

"கறந்ததும் தீனி போடுங்கள், அரை மணி நின்று தின்னட்டும்" என்று எல்லாச் சுவரிலும் திரும்ப எழுதினேன். அந்த மாட்டின் கால் வீக்கம் வற்றிவிட்டது. பால் மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, கேட்டால் "குடுக்குது, குடுக்குது" என்கிறார்.

வேறு எத்தனை வீட்டில் அப்படிக் கட்டினார்கள் என்று யாரும் வந்து சொல்லவில்லை. கொட்டகையைக் கண்டால் வண்டி தானாக மெதுவாகிவிடுகிறது. இன்று காலை விக்கிரவாண்டி அருகே ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இதை எழுதினேன்.

மாசி மாதம், இரண்டாவது புதன்கிழமை.