உள்பூச்சு

மொட்டை மாடிகளுக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பவரை எல்லோரும் கூலிங்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகப் பிறத்தியார் வீடுகளைக் குளிர வைத்த மகானுக்குச் சொந்தப் பிடரி மட்டும் கருகிக் கிடந்தது. போன மாதம் அவர் காது மடலில் ஆறாமல் இருந்த புண்ணைத் தோல் டாக்டர் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார். நல்லவேளை, புற்றுநோய் இல்லை.

"அடுத்த தடவையும் இப்படியே சொல்லுவேன்னு நினைக்காதீங்க," என்றார் டாக்டர். தொப்பி, முழுக்கைச் சட்டை, களிம்பு மூன்றும் கட்டாயம். வேண்டுமானால் கூடவே வெயிலுக்கென்று ஒரு மாத்திரை, அதுவும் ஏதோ கொஞ்சம்தான் உதவும்.

நம்மவருடைய காது கடைசியில் வந்த மாத்திரையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து காலையில் ஒன்றை விழுங்குவார், தொப்பியை ஆணியில் விட்டுவிட்டுப் பனியனோடு மாடி ஏறுவார். மாத்திரை டப்பாவின் மேல் கடற்கரையில் ஒரு பெண் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் உச்சி வெயிலில் ஒருநாளாவது தளம் தேய்த்திருப்பாளா என்று அவர் யோசிக்கவே இல்லை.

பூச்சு கலந்து கொடுப்பது அவர் மனைவி.

"தொப்பியப் போட்டா தலை தேஞ்சா போயிடும்?"

"இது உள்ளேருந்து வேலை செய்யுது. உனக்குப் புரியாது."

சோதனை முடிவு வரும்வரை பத்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அது அவருக்குத் தெரியாது.

அன்று வேலைக்குப் போன வீடு ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. "மாடிக்கு ஏன் ஏறணும்? அறைக்குள்ள, கூரைக்கு அடியில அடிச்சுடுங்களேன். உங்களுக்கும் வெயில் இல்ல," என்றார் அவர்.

கூலிங்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொழிலாயிற்றே.

"ஐயா, வெயில் அடிக்கிறது மேல. அத வெளியிலேயே தடுக்கணும். உள்ள எத்தனை கோட் அடிச்சாலும் அது சும்மா மனசு ஆறுதலுக்குத்தான்."

வாளியைக் கலக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"அதையே இந்தக் காதுக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க," என்று தழும்பைத் தொட்டுக் காட்டினாள். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

அவள் பையிலிருந்து தொப்பியை எடுத்து நீட்டினாள். கூலிங்காரர் அதை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினார்.

பாதிப் படியிலிருந்து இறங்கி வந்து முழுக்கைச் சட்டையைக் கேட்டார். அதுவும் பையில் இருந்தது. தினமும்தான் இருந்தது.