கூடை கவிழ்த்த காட்சி

எங்கள் ஊரின் கலை மையம் முன்பு வலைக்கிடங்காக இருந்தது. சும்மா கிடந்த கட்டடத்தை ஊர் நிர்வாகம் எனக்குக் கொடுத்தபோது, சாவி மட்டும் தலைவர் வீட்டில்தான் இருக்கும் என்றார்கள். நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) நிர்வாகத்தில் ஒருவர் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னையில் நாடகம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தேன். ஊரையே அசைத்துவிடலாம் என்று அப்போது நம்பினேன்.

முதலில் வந்தவர்கள் ஏரியில் கையால் இறால் தடவும் பெண்கள். காலையெல்லாம் தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவி, பிடித்ததை வாயில் கவ்விய ஓலைக்கூடையில் போடுவார்கள். மதியத்துக்கு மேல் ஒத்திகைக்கு வருவார்கள். பக்கத்தில் வந்த துறைமுகத்தைப் பற்றியும், ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதைப் பற்றியும் நாடகம் போடலாம் என்று சொன்னது நான்தான். நடித்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. ஒரு நாள் எரிச்சலில், "உங்களுக்கு நடந்தத ஏதாவது செஞ்சு காட்டுங்களேன்" என்றேன்.

அவர்களில் மூத்த அக்கா எழுந்தாள். சிமெண்டுத் தரையில் குத்தவைத்துத் தடவ ஆரம்பித்தாள். இன்னொருத்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆம்பிளையாக வந்து நின்றாள்.

"இன்னிக்கு எங்க பாடு. நீ இன்னாத்துக்கு எறங்குன?"

யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊரில் முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். அந்த முறையில் பெண்களுக்குப் பங்கு கிடையாது. துண்டு கட்டியவள் அக்காவின் கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். அக்கா, அங்கே இல்லாத தண்ணீரில் தப்பிப்போகும் இறால்களைக் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. நாடகம் கிடைத்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

விஷயம் இரண்டே நாளில் ஊருக்குள் போய்விட்டது. நைனா சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமல் சொன்னார்:

"அந்தக் கூட கவுக்குற எடம் வேணாம்மா."

"ஏன் நைனா?"

"கவுத்தது நான்தான்."

அவரே தொடர்ந்தார்.

"துறைமுகத்த எவ்ளோ வேணா திட்டிக்கோ, ஊரே கைதட்டும். ஊருக்குள்ள இருக்கறத ஏன் மேட ஏத்துற? தலைவரு சாவியத் தர மாட்டேன்னுட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

அன்று முழுக்க அவர்மேல் கோபப்பட்டேன். மறுநாள் போய் அவர் சொன்னதைத்தான் செய்தேன். "இந்தத் தடவ மட்டும் விட்ரலாம்க்கா. மையம் நின்னுடக் கூடாதுல்ல" என்றேன். அக்கா என்னையே பார்த்தாள்.

"நீதான செஞ்சு காட்டச் சொன்ன?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நாடகம் நடந்தது. சென்னையிலிருந்து வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டார்கள். "பெண்களோட குரல் எவ்வளவு அழுத்தமா வெளிய வந்திருக்கு" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நைனா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அக்கா தன் வசனத்தை ஒரு சொல் விடாமல் பேசிவிட்டு, வேஷத்தைக் கூடக் கலைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஒருத்தியும் மையத்துக்கு வரவில்லை. நானே அக்கா வீட்டுக்குப் போனேன். நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், டீ கொடுத்தாள். "கோவம்லாம் ஒண்ணுமில்ல. வேல கீது" என்றாள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் நைனா கரையிலிருந்து வந்ததும் சொன்னார். அந்தப் பெண்கள் எல்லோரும் நேராக நிர்வாகக் கூட்டத்துக்கே வந்து, வாரத்தில் இரண்டு நாள் பாடு எங்களுக்கும் விடணும்னு கேட்டார்களாம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"பாக்கலாம்னோம்."

"பாக்கலாம்னா?"

அவர் கால் கழுவத் தண்ணீர் மொண்டுகொண்டே, "உன்னக் கூப்புடலியா?" என்றார்.

"இல்ல" என்றேன். அப்படியொரு கூட்டம் நடந்ததே எனக்குத் தெரியாது.