நறுக்காமல் பார்த்த சரம்

கொரோனா கட்டுப்பாடுகள் எல்லாம் முடிந்து ஓரிரு வருடம் இருக்கும். ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பூக்கடை முன் மனைவியோடு நின்றுகொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

எனக்குப் பரம்பரை விழித்திரை நோய். பொழுது சாய்ந்தால் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தூண்கள் என்மேல் வந்து மோதும். நான் மோதுவதாக இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. எந்த மரபணுவில் கோளாறு என்று மட்டும் தெரியவில்லை. மனைவி என் அத்தை மகள், அப்பா பிடிவாதமாக முடித்து வைத்த கல்யாணம். "சொந்தத்துல கட்டினது தப்பாப் போச்சு. பிள்ளைக்கும் வந்துட்டா?" என்று அம்மா அவள் காதுபடவே சொல்வார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அந்தப் பயத்திலேயே குழந்தையைத் தள்ளிப்போட்டு வந்தோம்.

முதல் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அதோடு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அங்கே மரபணு ஆலோசகராக இருந்த தமிழ்ப் பெண்ணுக்கு விட்டுப்போகவில்லை. போனில் அவர்தான் பேசினார்.

"அண்ணா, இன்னொரு தடவ ரத்தம் குடுக்கிறீங்களா? முன்ன உங்க மரபணுவத் துண்டு துண்டா வெட்டிப் படிச்சோம். ஒரே எழுத்துங்க திரும்பத் திரும்ப வர்ற இடத்துல அது சரியா வராதுலா. இப்ப நீளமாவே படிக்கிற மெஷின் இருக்கு."

எனக்குப் புரியவில்லை. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, கையிலிருந்த மல்லிகைச் சரத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதைத் துண்டு துண்டா நறுக்கிட்டா எங்க பூ விட்டுப்போச்சுன்னு தெரியுமா? முழமாப் பிடிச்சுப் பார்த்தாத்தானே தெரியும். போய்ட்டு வாங்க." தன் சரத்தில் அப்படி எதுவும் விட்டுப்போகவில்லை என்பதுபோல் பூக்காரர் முறைத்தார்.

முடிவு சொல்லும் நாளில் அம்மாவும் வந்தார். கோளாறு கிடைத்துவிட்டது. தாய் வழியாக வந்து, பெரும்பாலும் ஆண்களின் பார்வையைக் கெடுப்பதாம். எனக்கு மகன் பிறந்தால் அவனுக்கு வராது. மகள் அதைச் சுமப்பாள், கண்ணைக் கவனித்துக்கொண்டால் போதும், பெரும்பாலும் பார்வை தாங்கும் என்றார் ஆலோசகர். சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. அந்தப் பெண் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, இது நீங்க குடுத்தது இல்ல. உங்களுக்கே தெரியாம உங்ககூட வந்தது. யாரையும் குத்தம் சொல்றதுக்காக நாங்க தேடல."

அம்மா என் மனைவியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. "வாங்க அத்தை, தேக்காவுல சாப்பிட்டுப் போகலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் பார்வை திரும்பப் போவதில்லை. எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். அவளைக் கண் பரிசோதனைக்கு அம்மாதான் பிடிவாதமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று அந்த ஆலோசகர் அன்றே பைலை மூடியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தி கடைசிவரை செய்யாத தப்புக்குத் தலைகுனிந்தே இருந்திருப்பாள்.