காம்புக்குள்ள காத்து

கிழக்கேகோட்டையில நான் ரோஜா விக்கிற எடத்துக்கு ஒருத்தர் வருவார். ஒல்லி உடம்பு, தடிக் கண்ணாடி, மலையாளம் கலந்த பேச்சு. பூவப் பாக்கவே மாட்டார், காம்போட வெட்டுவாயத்தான் உத்து உத்துப் பாப்பார். கடையத் தூக்க வந்த கார்ப்பரேஷன் ஆளோன்னு பக்கெட்டப் பின்னால நகத்திக்குவேன்.

ஒருநாள் என் பக்கெட்டுக்குள்ள கைய விட்டு, நாலு காம்ப தண்ணிக்குள்ள வச்சே பிளேடால நறுக்கினார்.

"சாரே, எம் பொழப்பயும் சேத்து நறுக்குறீங்களே!"

"வெளிய நறுக்கினா காம்புக்குள்ள இருக்கிற சன்னக் குழாயில காத்து அடைச்சுக்கும், கேட்டோ. அப்புறம் தண்ணி மேல ஏறாது. நீங்க பூவுக்குத் தலையில தெளிச்சு என்ன பிரயோஜனம்?"

படிச்ச திமிருன்னு நெனச்சேன். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவன். சாயங்காலம் பாத்தா என் பூவெல்லாம் தலை தொங்கிக் கெடக்கு, அவர் நறுக்கின நாலும் நிமிந்து நிக்குது.

இப்ப நானும் தண்ணிக்குள்ளதான் நறுக்குறேன். ஆனா இவ்வளவும் சொல்லிட்டு, ஒத்தப் பூகூட ஓசியில கேக்காமப் போற ஆள எப்படி நம்புறது?