எட்டாம் வாய்ப்பாடும் என் கல்யாணமும்

நான் பிறந்தது இருபத்தாறாம் தேதி. இரண்டையும் ஆறையும் கூட்டினால் எட்டு. இது ஒரு குற்றம் என்று கல்யாணப் பேச்சு வரும்வரை எனக்குத் தெரியாது.

சொல்லப்போனால், எட்டுதான் எனக்குச் சோறு போட்டது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு நட்டு போல்ட்டு பேக்கிங் வேலை. சின்னப் பெட்டிகளை நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு என்று வைத்தால் பெரிய பெட்டிக்குள் ஆடாமல் அசையாமல் உட்காரும். ஒன்றை விட்டால், இப்படி மூன்று பக்கமும் சமமாக அடங்கும் முதல் எண் எட்டு. ஏழையோ ஒன்பதையோ அடுக்கிப் பாருங்கள், லாரியில் ஏற்றுவதற்குள் மானத்தை வாங்கிவிடும்.

பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டியவரைக் காதலித்தேன். அவருக்கு அம்மா மட்டும்தான். அம்மா சம்மதிக்காமல் தாலி கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் குணம் எனக்குப் பிடித்தும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், பிறந்த தேதியைக் கேட்டார். சொன்னதும் முகம் வாடிவிட்டது.

"எட்டா? வேணாம்மா. அது கொறைஞ்சிக்கினே போற நம்பரு. ஈரெட்டு பதினாறு, கூட்டுனா ஏழு. மூவெட்டு இருபத்திநாலு, ஆறு. அப்டியே எறங்கி எறங்கி ஒண்ணுல வந்து நிக்கும். ஊடு வெளங்காது."

மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது, நல்லவேளை.

"எட்டெட்டு அறுபத்திநாலு. ஆறும் நாலும் பத்து, பத்துல ஒண்ணு. அதுவரைக்கும் சரி அத்தே. ஏன் அங்கியே நிறுத்திட்டீங்க? அடுத்தது சொல்லுங்க."

"ஒம்போதெட்டு எழுபத்திரெண்டு." அத்தை விரல்களை மடக்கினார். "ஏழும் ரெண்டும்..."

"ஒம்போது! ஒத்த நம்பர்ல அதான் பெருசு. கீழ எறங்கி ஒரே தாவா தாவிடுச்சி பாருங்க. அடுத்தது எம்பது, மறுபடி எட்டு. எங்க தீந்து போச்சி?" விட்டேனா? "எட்ட எட்டால பெருக்கி, இன்னொரு தபா எட்டால பெருக்குனா ஐந்நூத்திப் பன்னெண்டு. அஞ்சும் ஒண்ணும் ரெண்டும் எவ்ளோ?"

"எட்டு," என்றார் அத்தை, மெதுவாக. மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கொழுப்பால் காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

"நானும் பதினேழாந்தேதிதாம்மா," என்றார். "ஒண்ணும் ஏழும் எட்டு. இந்த ஊட்ல எது நடந்தாலும் என் எட்டாலதான்னாங்க. இவுங்கப்பா செத்தப்பகூட. உன்னையும் அப்டி பேசுவாங்களேன்னுதான் பயந்துட்டேன். இத்தினி வருசத்துல ஒருத்தரும் எனக்கு எழுபத்திரெண்டு வரைக்கும் எண்ணிக் காட்டலியே."

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா முழிச்சிக்கினு நிக்கிற? எட்டாந்தேதியே மண்டபம் கெடைக்குமான்னு போய்க் கேளு."