அக்காவின் நேர்முகத் தேர்வும் அம்மாவின் ஷிப்டும்

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவத்தை, அதாவது பதினோராம் வகுப்பைத் தாண்டிப் படிக்கப்போகிற முதல் ஆள் அக்காதான். அதுவும் அறிவியல் பிரிவு. அதனால் வீட்டில் அவளுக்குத் தனி மரியாதை. மீன் பொரித்தால் நடுத்துண்டு அவளுக்கு, வால் எனக்கு. மூளைக்கு நல்லது என்பாள் அம்மா. ஒன்பது வயதில் எனக்கும் மூளை இருந்தது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்பா சிங்கப்பூரில் லாரி ஓட்டினார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பால்மரம் வெட்டியவள். தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்த பிறகு ஈப்போவுக்கு வந்து ரப்பர் கையுறை செய்யும் கிலாங்கில் சேர்ந்தாள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்பதில்லை, கிலாங்தான். அங்கேயும் அதே பால், அதே நாற்றம், மரம் மட்டும் இல்லை என்று அம்மா சொல்வாள்.

எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் இலவச வகுப்பு நடந்தது. நடத்திய டீச்சர் அக்காவை ஒரு கல்லூரியின் அறிவியல் படிப்புக்கு விண்ணப்பிக்க வைத்திருந்தார். நேர்முகத் தேர்வில் தேறினால் படிப்பும் விடுதியும் இலவசம். தேறாவிட்டால் அம்மாவோடு அதே கிலாங் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். இது எனக்கே தெரிந்திருந்தது.

தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை மண்டபத்தில் ஒத்திகை. டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் மேசை போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். மற்ற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் பீஹூன் சேமியா பிரட்டிக் கொண்டுவந்திருந்தாள். நானும் அவளும் வெளியே, கண்ணாடிப் பட்டைகள் திறந்திருந்த ஜன்னலடியில் நின்றோம்.

டீச்சர் மலாயில் ஒரு கேள்வி கேட்டார். ரப்பர் பாலை ஒன்றும் கலக்காமல் அப்படியே விட்டால் மறுநாள் ஏன் உறைந்துபோகிறது? அக்கா முதல் நாள்தான் அந்தப் பக்கத்தை வீடு முழுக்க நடந்து மனப்பாடம் செய்திருந்தாள். இப்போது விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியில் 'சூசு கெத்தா' என்ற சொல் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. ரப்பர் பால். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஜன்னலில் வாயை வைத்து உரக்கச் சொன்னாள்.

"அமோனியா ஊத்தலனா புளிச்சுப்போயி கட்டியாயிடும்லா! நாங்க மொதல்லயே ரெண்டு சொட்டு விட்ருவோம்!"

மண்டபமே சிரித்தது. சரியான பதில் என்று டீச்சர் சொன்னார். சிரிப்பில் அது பலருக்கும் கேட்கவில்லை. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

தேர்வுக்குப் பெற்றோரில் ஒருவர் வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. அம்மா போவதாகத்தான் பேச்சு. அன்று மாலை அக்கா என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"பாப்பா, டீச்சரே என்னைக் கூட்டிட்டுப் போறேன்னுட்டாங்க. அம்மா வரவேணாம்னு நீ சொல்லிரு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா அழுவாங்க. நீ சின்னப்புள்ள லா, ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

அவளுடைய கால்குலேட்டரை ஒரு வாரம் எனக்குத் தருவதாகப் பேச்சு முடிந்தது. நான் போனபோது அம்மா திருவிழாச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க வரவேணாமாம். அங்கயும் கத்திருவீங்களாம்."

இரண்டாவது வாக்கியம் அக்கா சொன்னதல்ல, நானாகச் சேர்த்தது. வெறும் செய்தியை மட்டும் சொன்னால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என் மேல் எனக்குக் கோபம்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் எங்க வர்றது? எனக்கு அன்னிக்குக் காலை ஷிப்டு." சேலையில் பாதி சுருக்கம் போகவே இல்லை; அப்படியே மடித்து வைத்துவிட்டாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. கால்குலேட்டரில் என் வயதை நாட்களாகப் பெருக்கிப் பார்க்கப் போய்விட்டேன்.

தேர்வு நாளன்று டீச்சர் காரில் வந்து அக்காவை அழைத்துப் போனார். அம்மா கிலாங்கின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மூன்றரை மணிக்குக் கிலாங் பஸ் வந்தது. அதிலிருந்து பக்கத்து வீட்டு அத்தை இறங்கினார். அவரும் அங்கேதான் வேலை செய்தார்.

"அம்மாவும் அக்காவும் வந்துட்டாங்களா? உங்கம்மா போன வாரமே ஷிப்டு மாத்திக்கக் கேட்டுச்சு, அதுக்குப் பதிலா இன்னிக்கு நான்தான் நின்னேன்."

"அம்மா கிலாங்குக்குத்தான் போனாங்க அத்தை."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். அரை மணி கழித்து அம்மா வந்தாள். நாள் முழுக்க வெயிலில் நின்றவள் போல முகம் கறுத்திருந்தது. நீலச் சட்டையில் ரப்பர் பால் வாடையே இல்லை.

சற்று நேரத்தில் அக்கா துள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா, அதே ரப்பர் பால் கேள்விதான்! எங்கம்மா பால்மரம் வெட்டினவங்க, அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு சொன்னேன். எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சு!" சொன்ன வேகத்தில் அப்பாவுக்குப் போன் போட வெளியே ஓடிவிட்டாள். அவளுக்கு இடம் கிடைத்தது. இன்று பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறாள். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. அன்றைய ஷிப்ட் பற்றி அக்காவுக்கு இன்னமும் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று அக்கா போன் போட ஓடிய பிறகு அம்மா என்னிடம் கேட்டாள்.

"அந்தக் காலேஜ் மாடி ஜன்னலெல்லாம் சாத்தியே இருந்துச்சே, ஏன்?"

மாடியைப் பற்றியோ ஜன்னலைப் பற்றியோ அக்கா ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. பதில் தெரிந்த பெருமை மட்டும்தான் இருந்தது.

"உள்ள ஏர்கோன் போட்டிருப்பாங்கம்மா. வெளிய நின்னு கத்தினாலும் கேக்காது."

"ஆமால்ல," என்றாள் அம்மா.